புதுப்பிப்பு: பாம்பனைக் காட்டும் திரைப்படங்களில் காலப்பிழை

போன பதிவில், பாம்பன் ரயில் பாலத்தை வைத்தே படத்தின் கதை நடக்கும் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று எழுதியது அரைகுறை. பழைய பாலம் 1914-இலிருந்து நின்றது. அதை மட்டும் பார்த்தால் 1950-ஆ 1990-ஆ என்று தெரியாது. பக்கத்தில் சாலைப் பாலம் தெரிகிறதா பாருங்கள். அது 1988-இல் திறந்தது. 1964 புயலுக்கு முந்தைய கதையில் அது ஃப்ரேமின் ஓரத்தில் எட்டிப்பார்த்தால் போச்சு. (கிராஃபிக்ஸில் அழிக்கச் சோம்பல்!) தண்டவாளமும் காட்டிக்கொடுக்கும்: 2007-இல்தான் அகலப்பாதை, அதுவரை குறுகலான மீட்டர் கேஜ் பாதை. பழைய பாலம் கப்பலுக்கு இரண்டு கைகளாகப் பிரிந்து எழும்பியது. 2025 ஏப்ரலில் வந்த புதியதில் 72.5 மீட்டர் துண்டு முழுசாக, நேராக மேலே போகும்.

எந்த மாதத்தில் எந்தக் கடல் கொந்தளிக்கும் என்று கேட்டவர்களுக்கு: ஆடிக் கச்சானில் (தென்மேற்குக் காற்றில்) தென்கடல் (மன்னார் வளைகுடா) குமுறும், வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும், கார்த்திகை வாடையில் (வடகிழக்குக் காற்றில்) தலைகீழ். ஆடியில் வடகடலில் மலையலை எழுப்பும் காட்சியை எனக்கு நம்ப முடியவில்லை. இன்றைய கதை என்றால் இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மே மாதத்தில் வல்லம் (நாட்டுப்படகு) போகலாம், விசைப்படகு போகாது.