புதுப்பிப்பு: க்ராக் கேம்ல ஆறாவது காப்போ கிடைச்சாச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நான் கேட்டது, 1997ல வந்த க்ராக்ங்கற முதலைக்குட்டி வீடியோ கேம்ல லெவலுக்கு 6 காப்போ (நாம காப்பாத்த வேண்டிய குட்டி ரோம ஜீவன்), எங்க பாப்பாவுக்கு 5தான் கிடைக்குது, மிச்சம் ஒண்ணு எங்கன்னு.

கலர் கல்லைத் தேடுங்கன்னு ஒருத்தர் சொன்னீங்கல்ல, அதுதான் சரி. வெள்ளைக் கல்லு எவ்ளோ எடுத்தாலும் இதுக்கு ஆகாது, ஒவ்வொரு லெவல்லயும் கலர் கலரா 5 கல்லு தனியா இருக்கு, அஞ்சையும் எடுத்துட்டுப் போனா கடைசில சேகண்டி பக்கத்துல ஒரு கதவு திறக்கும், ஆறாவது காப்போ அதுக்குள்ளதான். சில கல்லு பெட்டிக்குள்ள இருக்கும், அதனால பெட்டி எதையும் விடாம வாலால அடிச்சு உடைக்கணும்.

ஏற்காட்டுல பெரியம்மா வீட்டுல இருக்கோம், வெளிய விடாம மழை, பாப்பா பழைய லெவலெல்லாம் திரும்ப ஆடி காப்போ பூரா காப்பாத்திட்டா, அப்பதான் யாரும் சொல்லாத ஒண்ணு நடந்துச்சு, ரகசிய லெவல் ஒண்ணு திறந்து அதுல ஜிக்சா துண்டு கிடைச்சுது! எல்லாத் துண்டும் சேர்ந்தா இன்னொரு தீவே திறக்குமாம். குட்டிப் பசங்களுக்கு இவ்ளோ அழகான கேம் கம்மிதாங்க. பழைய கன்ட்ரோல் கஷ்டமா இருந்தா 2025ல வந்த ரீமாஸ்டர்ல (அதே கேமோட மெருகேத்தின பதிப்பு) கன்ட்ரோலர் ஸ்டிக்லயே ஈசியா ஓட்டலாம்.