புதுப்பிப்பு: குஞ்சுகளின் நடத்தையைக் கொண்டு சேவல், பேடு பிரித்த கதை

களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவில் பொரித்த பதினொரு ஊர்க்கோழிக் குஞ்சுகளுக்கு மூன்று வாரமானபோது, தலைக்கு மேலே தொப்பியை வீசிப் பார்த்து, நிமிர்ந்து நின்றவை சேவல், பதுங்கியவை பேடு என்று பிரித்துக் காலில் நூல் கட்டியதாக முன்பு எழுதியிருந்தேன். இப்போது பன்னிரண்டு வாரமாகிவிட்டது. ஏழு சரி, நான்கு பிழை. கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தாலும் ஏறக்குறைய இதுவே கிடைத்திருக்கும்.

மிகத் துணிச்சலாக நின்று, மற்றவற்றின் நெஞ்சில் மோதிச் சண்டையிட்ட சிவப்பு நூல் குஞ்சை முதல் சேவலென்று உறுதியாக நம்பினேன். அதன் கொண்டையோ இன்றும் சிறிதாக, வெளிறிய மஞ்சளாகவே இருக்கிறது. வாலடி இறகுகளும் நுனி வட்டமாகவே முளைத்திருப்பதால் அது பேடுதான். ஓலைக்குக் கீழே ஓடி ஒளிந்த கறுப்புக் குஞ்சுக்கு ஆறாம் வாரத்திலேயே கொண்டை தடித்துச் சிவந்தது. இப்போது வாலடியில் கூரிய, பளபளக்கும் இறகுகள் தொங்குகின்றன, விடியற்காலையில் கரகரத்த குரலில் கூவவும் முயல்கிறது.

குஞ்சின் சிறகிறகு நீளத்தைப் பார்த்துச் சேவல், பேடு பிரிக்கச் சொன்ன அன்பருக்கு: அம்முறை அதற்கென்றே இணைசேர்த்த இனங்களில்தான் பலிக்கும், கலப்பான ஊர்க்கோழியில் பலிக்காது. ஜப்பானில் 1920களில் உருவான, எச்சத்துவாரத்தைப் பார்த்து ஒருநாள் குஞ்சைப் பிரிக்கும் முறை நம்பகமானதுதான்; ஆனால் பயிற்சியில்லாத கை குஞ்சைக் காயப்படுத்திவிடும் என்பதால் நான் அதில் இறங்கவில்லை.

அடுத்த அடையில், கொண்டையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்பதால், ஆறாம் வாரம்வரை எந்தக் குஞ்சையும் விற்கப்போவதில்லை.