முதல் குளிர்காலத்திலேயே வடக்கே ஒரு தடவை போய்விடுங்கள்

பின்லாந்திலிருந்து மார்கழி விடுப்பில் மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே சம்பா கதிர் பிடித்து நிற்கிறது. அம்மா காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டுதான் கோலம் போட வாசலுக்கு வருகிறாள். நேற்று காலை பக்கத்துத் தெருத் தம்பி வந்தான். தை பிறந்ததும் அதே பின்லாந்தில், தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் வேலைக்குச் சேர்கிறான். "அண்ணே, இந்தப் பனிக்கே நடுங்குது. அங்க எப்படி?" என்றான். அவனுக்குச் சொன்னதையே புதிதாக வரும் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

குளிருக்குப் பயந்து அறைக்குள்ளேயே கிடக்காதீர்கள். நவம்பர், டிசம்பரில் ஹெல்சிங்கிப் பக்கம் மழையும் சேறுமாக இருக்கும், மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும். நம் பிள்ளைகள் மனம் சோர்வது அந்த இருட்டில்தான். வடக்கே லாப்லாந்தில் குளிர் இன்னும் அதிகம், ஆனால் தரையெல்லாம் பனி கிடப்பதால் நிலா வெளிச்சத்திலேயே காடு தெரியும். ஒரு வாரம் அங்கே இருந்துவிட்டு வந்த பிறகுதான் அந்த நாடு எனக்குப் பிடித்துப்போனது.

டிசம்பரில் போக வேண்டாம். கிறிஸ்துமஸ் கூட்டம், விலையும் உச்சம். லாப்லாந்தின் வடக்கே இனாரி பக்கம் அந்த மாதம் சூரியன் உதிப்பதே இல்லை, காமோஸ் என்பார்கள். மார்ச் நடுவில் போங்கள். பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும், பனியும் இடுப்பளவு கிடக்கும், இரவில் வானத்தில் பச்சையாக அசையும் துருவ ஒளியும் கிடைக்கலாம். பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் பள்ளி விடுமுறை வரும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஹெல்சிங்கியில் ராத்திரி ரயில் ஏறினால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் லாப்லாந்தின் ரோவனியெமி நகரம். அங்கிருந்து பஸ்ஸில் பனிச்சறுக்கு ஊரான சாரிசெல்கா.

உடைதான் முக்கியம். என் முதல் வருடம், உள்ளே பருத்தி பனியன், மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கனத்த கோட்டு என்று ஸ்கீ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அரை மணியில் வேர்த்துக் கொட்டியது. தேநீர் குடிக்க ஒரு மரத்தடியில் நின்றேன். அன்று மைனஸ் 18. நனைந்த பனியன் முதுகில் ஈரச் சாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது, பிளாஸ்க் மூடியைத் திறக்க விரல் வளையவில்லை. கூட வந்தவர் தன் பையிலிருந்த கம்பளிச் சட்டையைக் கொடுத்து மாற்றச் சொன்னதால் பிழைத்தேன். குளிரை விட வேர்வைதான் ஆபத்து. உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற சட்டை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். விரல் பிரிந்த கையுறையை விட எல்லா விரலும் சேர்ந்த உறைதான் சூடு.

ஒரு நாளைக்கு ஒரு விளையாட்டு போதும். ஹஸ்கி நாய் வண்டி கட்டாயம் போங்கள். கிளம்பும்வரை அத்தனை நாயும் குரைத்துக் காது கிழியும். வண்டி நகர்ந்ததும் சட்டென்று அமைதி, பனியில் சறுக்கும் சத்தம் மட்டும்தான். ஸ்நோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டியை ஓட்ட லைசென்ஸ் கையில் வேண்டும். எனக்கு அந்த இரைச்சல் பிடிப்பதில்லை. கால் பனியில் புதையாதபடி அகலமான பனிக்காலணி மாட்டிக்கொண்டு நடப்பதுதான் என் மனசுக்கு உகந்தது. சாரிசெல்காவை ஒட்டிய உர்ஹோ கெக்கொனென் தேசியப் பூங்காவில் பூட்டாத மரக்குடில்கள் உண்டு. அடுப்பும் விறகும் இருக்கும், வாடகை கிடையாது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் வந்தவர் இடம் விட வேண்டும் என்பது அங்கத்து வழக்கம்.

உறைந்த ஏரியில் நடப்பது பற்றித் தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். ஓர் ஆளைத் தாங்க 5 சென்டிமீட்டர் கெட்டியான பனிக்கட்டி வேண்டும், ஸ்நோமொபைலுக்கு 15 என்பது அங்கத்துக் கணக்கு. தண்ணீர் ஓடுகிற இடத்தில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. ஆறு ஏரியில் சேரும் வாய், இரு கரையும் நெருங்கும் குறுகல், பாலத்தடி எல்லாம் மெல்லியதாக இருக்கும். மதகுப் பக்கம் மேலே சும்மா நிற்கிற தண்ணீர் அடியில் இழுக்கும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்களே, அதே புத்தியோடு நடங்கள். தடம் போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். அவசர எண் 112.

திரும்பியதும் மறுநாளே வேலைக்கு ஓடாமல் ஹெல்சிங்கியில் இரண்டு நாள் தங்குங்கள். சந்தைத் துறையிலிருந்து படகில் கால் மணி நேரம் போனால் சுவோமென்லின்னா கோட்டை. கடல் உறைந்திருந்தால் படகு பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும். அப்புறம் 2018இல் திறந்த 'ஓடி' (Oodi) என்ற நூலகம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளே போகக் காசு இல்லை, தையல் மிஷின் கூட வைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காருங்கள்.

தம்பி, ஸ்வெட்டரை இங்கே வாங்கிக் கட்டிக்கொண்டு போகாதே. அங்கே பழைய துணிக் கடைகளில் நல்ல கம்பளி மலிவாகக் கிடைக்கும். அந்த எடைக்குப் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் வை. காட்டு வீடுகளில் அடுப்பு இருக்கும். பனியில் நடந்துவிட்டு வந்து சுடுசோற்றில் பிசைந்துகொள்ளலாம்.