பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டோ வகுப்பு: எட்டு சனிக்கிழமை, மூன்று கேமரா, சாரல் மாதம்

வாசுகி_செங்கோட்டை

வணக்கம். ஜூன் கடைசி வாரத்திலிருந்து எட்டு சனிக்கிழமை, காலை ஏழு முதல் ஒன்பதரை வரை, செங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் போட்டோ வகுப்பு வைக்கிறோம். பன்னிரண்டு பேர். வயது 13 முதல் 16. ஏழு பேர் பெண் பிள்ளைகள். நாலு பேர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், தமிழ் நன்றாகப் புரியும்.

கையில் இருப்பவை: கேனான் 1300டி மூன்று, எல்லாவற்றுக்கும் 18-55 லென்ஸ், ஒரு டிரைபாட், ஒரு பழைய லேப்டாப். எட்டுப் பேருக்கு வீட்டு ஆண்ட்ராய்டு போன் கிடைக்கும். இடம் ஒரு மாடி அறை. மேற்கே ஜன்னல், திறந்தால் மலை. செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய்.

என் திட்டம்: முதல் வாரம் மேனுவல் மோடு (எல்லா அளவையும் கையால் வைப்பது), இரண்டாம் வாரம் குற்றாலம் அருவி, மூன்றாம் வாரம் பதிமூணு கண் பாலம், பிறகு சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி, ஆகஸ்டில் கண்காட்சி. வரிசை சரியா? பன்னிரண்டு பேருக்கு மூன்று கேமராவை எப்படிப் பங்கிடுவது? இருக்கிற பணத்தில் ஒரு 50 எம்எம் லென்ஸ் வாங்கலாமா?

---

நிழல்_தென்காசி

வாசுகி மேடம், முதல் இரண்டு வாரத்தை மாற்றுங்கள். மேனுவல் மோடில் தொடங்கினால் பிள்ளைகள் எண்ணைப் பார்ப்பார்கள், வெளிச்சத்தைப் பார்க்க மாட்டார்கள். முதல் வகுப்பில் கேமராவே வேண்டாம். உங்கள் மாடி அறையையே கேமரா ஆக்கிவிடுங்கள்.

ஜன்னல் முழுவதையும் கறுப்பு சார்ட் அட்டையால் மூடுங்கள். அட்டையில் 5, 10, 20 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று வட்டத் துளைகள். மூன்றுக்கும் தனித்தனி மூடி. எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். ஒரு துளையை மட்டும் திறந்தால் மலையும் தென்னையும் வேட்டியில் தலைகீழாக விழும். மேற்கு ஜன்னல் என்பது உங்களுக்குக் கிடைத்த பாக்கியம்: காலை வெயில் கிழக்கிலிருந்து மலைமேல் நேராக அடிக்கும், அறையின் பின்பக்கம் நிழலில் இருக்கும். இதையே மாலையில் செய்தால் மலை நிழலாகிப் படம் செத்துவிடும்.

சின்னத் துளையில் படம் கூர்மை, ஆனால் மங்கல். பெரிய துளையில் வெளிச்சம், ஆனால் கலங்கல். துளையின் அகலம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலு மடங்கு. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு லென்ஸ் துளையை எஃப்/8-லிருந்து எஃப்/16-க்குக் குறைத்தால் (எஃப் எண் கூடினால் துளை சின்னது) வெளிச்சம் ஏன் கால் பங்குதான் என்று பிறகு விளக்க வேண்டியதே இல்லை. அடுத்து மூக்குக் கண்ணாடிக் கடையில் பிளஸ் ஒன்று பவர் லென்ஸ் ஒன்று வாங்கி 20 மில்லிமீட்டர் துளையில் ஒட்டுங்கள். அதன் குவியத் தூரம் ஒரு மீட்டர். துளையிலிருந்து ஒரு மீட்டரில் வெள்ளை அட்டையைப் பிடித்தால் அதே கலங்கல் படம் சட்டென்று கூர்மையாகும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். ஃபோகஸ் என்றால் என்ன என்பதற்கு அதுவே பாடம்.

கேமராப் பங்கீடு: நாலு பேருக்கு ஒரு கேமரா. ஒருவர் படம் எடுப்பவர், ஒருவர் முன்னால் நிற்பவர், ஒருவர் தெர்மோகோல் பலகை பிடித்து வெளிச்சத்தைத் திருப்புபவர், நாலாமவர் நோட்டில் எழுதுபவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாற வேண்டும். ஒருவருக்கு ஒரு வகுப்பில் பத்துப் படம், அவ்வளவுதான். அழித்துவிட்டு மறுபடி எடுக்கவும் கூடாது. எழுதுபவர் படத்தின் எண், எஃப் எண், ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம், நொடியில்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்), ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி, இவ்வளவும் எழுத வேண்டும். எல்லையில்லாமல் விட்டால் அரைமணி நேரத்தில் முந்நூறு படம் எடுப்பார்கள், மூன்றைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம் வாரம் ஏவி மோடு போதும், துளையை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ 200, 55 எம்எம், ஆள் ஒரு மீட்டர் தூரத்தில், பின்னணி பத்து மீட்டருக்கு அப்பால். எஃப்/5.6-இல் ஒன்று, எஃப்/22-இல் ஒன்று. முதல் படத்தில் பின்னணி கலங்கும், இரண்டாவதில் தெளியும். துளை சிறுத்து ஷட்டர் மெதுவாவதால் இரண்டாவது படம் ஆடிப்போய் வரும், அதுவும் பாடம்தான்: இந்தக் கேமராவில் 55 எம்எம் என்றால் கையில் பிடித்து எடுக்க 1/100-க்குக் கீழே ஷட்டரை இறக்காமல் இருப்பது நல்லது. ஃபோகஸ் புள்ளி ஒன்பதில் நடுப் புள்ளியை மட்டும் வைத்துவிடுங்கள். எல்லாப் புள்ளியும் திறந்திருந்தால் கேமரா முகத்தை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் செடியைப் பிடித்துக்கொள்ளும்.

50 எம்எம் லென்ஸ் இப்போது வேண்டாம். 1300டி-யில் அது 80 எம்எம் போல நடந்துகொள்ளும், காட்சி குறுகிவிடும். மாடி அறைக்குள் முதுகு சுவரில் முட்டும். பணத்தைப் பிரிண்டுக்கு வையுங்கள். வாரம் ஒரு பிள்ளைக்கு இரண்டு 4x6 அங்குலப் படம் என்றால் எட்டு வாரத்துக்கு 192 பிரிண்ட். திரையில் 'சூப்பர்' என்று தள்ளிவிடும் படத்தின் குறை, பிரிண்டைக் கையில் வாங்கியதும் பிள்ளைக்கே தெரியும்.

---

மேக்கரை_அண்ணாச்சி

நிழல் சொன்ன வரிசை நல்ல வரிசை. நான் தண்ணியையும் ஈரத்தையும் பற்றி மட்டும் சொல்லுதேன்.

சீசன்ல மெயின் அருவிக்குப் பிள்ளைகளைக் கேமராவோட கூட்டிட்டுப் போகாதீங்க. குளிக்கிற சனம் மேல கேமரா திரும்பக் கூடாது, அது முதல் காரணம். தெறிக்கிற திவலை லென்ஸ் முன்னால படிஞ்சு எல்லாப் படமும் பூத்துப்போகும், அது அடுத்தது. ஷட்டர் பாடத்துக்கு ஒரு பம்பு செட் போதும். வெயில்ல விழுகிற தண்ணிக்கு டிவி மோடு (ஷட்டரை நாம வைக்கிறது), ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/2000 வைங்க, துளி துளியா நிக்கும். அதே தண்ணி பட்டுநூல் மாதிரி வரணும்னா தொட்டி நிழல்ல இருக்கணும்: ஐஎஸ்ஓ 100, எஃப்/22, டிரைபாட், ஷட்டர் 1/6 பக்கம் வரும். நல்ல வெயில்ல எஃப்/22 வச்சாலும் 1/50-க்குக் கீழ இறங்காது, தண்ணி ரெண்டும்கெட்டானா நிக்கும். கணவாய்க் காத்து டிரைபாடை ஆட்டும். நடுத்தண்டை உயர்த்தாதீங்க, பையை அதுல கட்டித் தொங்கவிடுங்க, பை தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கட்டும். விரலால அமுக்காம ரெண்டு செகண்ட் டைமர் போடுங்க.

மூடாப்பு நாள்ல படம் ஏன் சாம்பலா வருதுன்னு எல்லாரும் கேப்பாங்க. கேமரா எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பாக்கும். மலைமேல மஞ்சு இறங்கி நிக்கையில +1 கொடுங்க, கேமரா கணக்கைவிட ரெண்டு மடங்கு வெளிச்சம்னு அர்த்தம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி படச்சட்டம் முழுக்க இருந்தா +1. ஈரமான கறும்பாறையா இருந்தா திருப்பி −2/3, இல்லன்னா பாறை வெளுத்துப்போகும். ஏவி +/- பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மேல இருக்கிற சக்கரத்தைத் திருப்பணும். முடிஞ்சதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும். அடுத்த குழு அதே +1-ல எடுத்து எல்லாத்தையும் பாழாக்குறதுதான் வகுப்புல அடிக்கடி நடக்கும்.

இப்ப பூஞ்சை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் நம்ம பக்கம் காத்துல ஈரம் இறங்காது. லென்ஸை அதோட பையிலயே பீரோவுக்குள்ள வச்சா, இருட்டும் ஈரமும் சேர்ந்து கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். ரப்பர் வாஷர் வச்ச, காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா ரெண்டு வாங்குங்க. டப்பாவுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40-லிருந்து 50 சதவீதம் நிக்கணும். 60-ஐத் தாண்ட விடாதீங்க, 30-க்குக் கீழயும் வேண்டாம், லென்ஸுக்குள்ள இருக்கிற மசகு வறளும். நீலச் சிலிக்கா ரோஸ் நிறமானா அடுப்புல வாணலிய வச்சு, தணலைக் குறைச்சு நீலம் திரும்புற வரைக்கும் காயவைக்கலாம். ஆனா நீல நிறத்துல கோபால்ட் உப்பு இருக்கு, அந்த வாணலியச் சமையலுக்கு எடுக்காதீங்க. ஆரஞ்சுலயிருந்து பச்சையாகிற வகை கிடைச்சா அதையே வாங்குங்க. லென்ஸுல துளி விழுந்தா முந்தானையால துடைக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிருங்க. முதல்ல ஊதுபந்து, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி, நடுவுலயிருந்து வெளியே சுத்திச் சுத்தி.

---

செல்வி_பாவூர்சத்திரம்

போன் வைத்திருக்கும் எட்டுப் பேரை இரண்டாந்தரமாக ஆக்கிவிடாதீர்கள் அக்கா. ஆனால் எந்தப் பாடத்துக்குப் போன் ஆகும், எதற்கு ஆகாது என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளை, மாறாது. ஆகவே எஃப் எண் பாடம் கேமராவில்தான். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி கலங்குவது லென்ஸால் அல்ல, போன் கணக்குப் போட்டுச் செய்வது. தலைமுடி ஓரத்தையும் காதில் ஆடும் ஜிமிக்கியையும் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்டு தெரியும். படச்சட்டம் அமைப்பது, வெளிச்சத்தின் திசை, எந்த நொடியில் அமுக்குவது, இவை மூன்றுக்கும் போன் தாராளம். ஷட்டரைக் கையால் மாற்ற ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலி இருக்கிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவதைத் தடை செய்யுங்கள், நடந்து கிட்டே போகட்டும்.

சூரியகாந்திக்கு ஜூலை, ஆகஸ்ட் சரி. முற்றிய பூ கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். மலை மேற்கே. எனவே காலையில் வயலின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் பூ உங்களைப் பார்க்கும், பின்னால் மலை, வெயில் உங்கள் முதுகில். மாலையில் போனால் பூவின் முகம் நிழலில். வரப்பை விட்டு இறங்கக் கூடாது, வயல்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு தண்டு ஒடிந்தாலும் அது அவர்கள் பிழைப்பு.

பதிமூணு கண் பாலம் கேரளப் பக்கம், கழுத்துருட்டியில். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. படத்துக்கு மேலே ஏற வேண்டியதே இல்லை. தேசிய நெடுஞ்சாலை 744 பாலத்தை ஒட்டியே போகிறது, கீழிருந்துதான் வளைவுகள் வரிசையாகத் தெரியும். தண்டவாளத்தில் கால் வைத்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட ஆகலாம். அதைவிட, அந்தச் சாலையில் லாரி நிற்காமல் ஓடும். பன்னிரண்டு பேருக்குப் பெரியவர்கள் மூன்று பேராவது வேண்டும். புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும்.

பெற்றோர் கையெழுத்துக் கடிதம் தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள். அதில் மூன்று கேள்வி தனித்தனியாக இருக்க வேண்டும்: பிள்ளை வகுப்புக்கு வரலாமா, பிள்ளையைப் படம் எடுக்கலாமா, அந்தப் படத்தை இணையத்தில் போடலாமா. மூன்றுக்கும் ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் மூன்றாவதற்கு வேண்டாம் என்பார்கள், அதற்காக வகுப்பை இழக்கக் கூடாது. போன் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தோடு வீட்டு முகவரியும் போகும்.

கடைசி மூன்று வாரத்துக்கு ஊர்சுற்றலைக் குறைத்து ஒரே விஷயத்தில் நிற்க வையுங்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறியே போதும். ஓணம் நெருங்கும்போது சந்தை இன்னும் சூடுபிடிக்கும். ஒரு குழுவுக்கு ஐந்து படம்: இடம் முழுவதும் தெரிய ஒன்று, வேலை நடப்பது ஒன்று, கை மட்டும் ஒன்று, ஒரு முகம், லாரி கிளம்புவது. மூட்டை தூக்குபவரிடம் தலையில் சுமை இருக்கும்போது அனுமதி கேட்கக் கூடாது. இறக்கி வைத்தபின் கேட்டு, அடுத்த வாரம் அவருக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

---

வாசுகி_செங்கோட்டை

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன், பம்பு செட்டுக்கும் ஆள் பிடித்தாயிற்று. இன்று அறையில் ஒத்திகை பார்த்தோம். மூடாப்பாக இருந்தது, 10 மில்லிமீட்டர் துளையில் வேட்டியில் ஒன்றுமே தெரியவில்லை. இன்னொன்று, உள்ளே எல்இடி டியூப் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக வருகிறது. கேமரா பழுதா? கண்காட்சிக்குப் பிரிண்ட் அளவு என்ன சொல்ல?

---

நிழல்_தென்காசி

கேமரா பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், பட்டை போய்விடும். 1/500-க்கு ஏற்றினால் மறுபடி வரும்.

இருட்டறைக்கு: கதவின் அடி இடுக்கில் துணியைத் திணியுங்கள், வென்டிலேட்டரை மூடுங்கள். சின்ன ஒழுக்கு இருந்தாலும் படம் கரைந்துவிடும். உள்ளே போனதும் கண் பழகப் பத்து நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் யாரும் போனைத் திறக்கக் கூடாது. மூடாப்பு நாளில் சுவரை நம்பாமல் 20 மில்லிமீட்டர் துளையும் பிளஸ் ஒன்று லென்ஸும் மட்டும் போடுங்கள். படம் ஒரு மீட்டரிலேயே சின்னதாக விழுவதால் பளிச்சென்று இருக்கும்.

கண்காட்சிக்கு 8x12 சொல்லுங்கள். கேமராவின் 3:2 சட்டம் 4x6, 8x12, 12x18 மூன்றிலும் வெட்டில்லாமல் உட்காரும். ஏ4-இல் ஓரம் போகும். போன் படம் பொதுவாக 4:3, அதை 8x12-இல் போட்டால் மேலேயும் கீழேயும் வெட்டு விழும். லேபில் வெள்ளை ஓரம் விட்டு முழுப்படமாகப் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொடுங்கள். லேப்டாப் திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். முழு வெளிச்சத்தில் திருத்தினால் பிரிண்ட் இருண்டு வரும். முதலில் இரண்டே இரண்டு 4x6 சோதனைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

தேதி முடிவாகவில்லையென்றால் ஆகஸ்ட் 19 பாருங்கள். 1839-இல் டாகேர் என்பவரின் போட்டோ எடுக்கும் முறையை பாரிஸில் உலகத்துக்கு அறிவித்த நாள் அது, உங்கள் எட்டு வாரமும் அதற்குள் முடிந்துவிடும். பிரிண்டைச் சுவரில் நேராக ஒட்டாதீர்கள், சாரலில் சுவர் வியர்க்கும். கயிறு கட்டி கிளிப்பில் தொங்கவிடுங்கள், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி.