அப்டேட்: கிளப் மீட்டிங்குக்கு ஆள் வராத பிரச்சனை ஒரு வழியா தீர்ந்துச்சு

எங்க ரோட்டரி கிளப் வார மீட்டிங்குக்கு 10 பேர் கூட வரமாட்டேங்குறாங்க, என்ன பண்றதுன்னு மூணு மாசம் முன்னாடி இங்க கேட்டிருந்தேன்ல, யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

முதல்ல காலைல 7 மணிக்கு வச்சுப் பார்த்தோம், ஊத்திக்கிச்சு, கடை வச்சிருக்கவங்க ஒருத்தரும் வரல. 2016-லயே ரோட்டரி ரூல் மாறிடுச்சு, மாசத்துக்கு ரெண்டு மீட்டிங் போதும்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் கை கொடுத்துச்சு. பைலாவை (கிளப்போட விதிமுறையை) திருத்தி ரெண்டா குறைச்சோம், அதுல ஒண்ணு ப்ராஜெக்ட் நடக்குற இடத்துலயே. இப்ப 25 பேருக்குக் குறையறதில்ல.

பேச்சாளருக்கு 20 நிமிஷம்ங்கிற யோசனை பாதிதான் ஓடுது. நேரம் முடிஞ்சா செக்ரட்டரி ஸ்பூனால டம்ளரைத் தட்டுவாரு, போன தடவை வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் "தட்டுங்க தட்டுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே இன்னும் கால் மணி நேரம் பேசிட்டுதான் உக்காந்தாரு.

எதிர்பார்க்காதது நடந்தது நாங்க வச்ச ரத்ததான முகாம்லதான். வந்த 41 பேர்ல 13 பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க, முக்கால்வாசி காலேஜ் பொண்ணுங்க, ரத்தம் குடுக்கத் தேவையான ஹீமோகுளோபின் 12.5 இல்ல. ரெண்டு பேரு போன தடவை குடுத்து மூணு மாசம் கூட ஆகாம வந்திருந்தாங்க (ஆம்பளைங்களுக்கு 90 நாள், பொம்பளைங்களுக்கு 120 நாள் இடைவெளி வேணும், நோட்டீஸ்லயே போட்டுடுங்க). சரின்னு அடுத்த மீட்டிங்குக்கு ரத்தசோகை பத்திப் பேச ஒரு லேடி டாக்டரைக் கூப்பிட்டோம், அந்தப் பொண்ணுங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டாங்க, சேர் பத்தாம பக்கத்து டீக்கடை பெஞ்சைத் தூக்கிட்டு வந்தோம்.