பாம்பன் லினக்ஸ் முகாம்: 11 பேரில் 9 பேர் விண்டோஸுக்கே திரும்பிட்டாங்க. எங்கே தப்பு பண்ணினோம்?

பாம்பன் தன்னார்வலர் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துப் படியுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்களுக்கும் நேரம் இருக்கும். அதை நம்பி பாம்பனில் ஒரு மீனவர் சங்கக் கட்டடத்தில் நாங்கள் நாலு பேர் ஒருநாள் முகாம் போட்டோம். முதல் ஒன்றரை மணி நேரம் பேச்சு. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்காகக் குனு திட்டத்தை அறிவித்தது, நான்கு சுதந்திரங்கள் (மென்பொருளைப் பயன்படுத்த, படித்துப் பார்க்க, மாற்ற, பகிர), அவற்றைக் காக்கும் பொது உரிமம், எல்லாம் சொன்னோம். கடைசிப் படத்தில் "பூட்டிய மென்பொருள் அடிமைத்தனம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். பிறகு 11 கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டோம்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டில்தான் லினக்ஸ் இருக்கிறது. சங்கத்துக் கணினியில் என்ன நடந்தது என்று செயலாளர் அண்ணன் சொன்னார். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு கொடுக்கணும். ஞாயிறு ராத்திரி பழைய மனுவைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக நிற்கிறது. பாமினி ஃபாண்டில் அடித்த கோப்பு. புதிதாகக் கையால் எழுதிவிட்டு, இன்னொரு கடிதத்தையாவது எடுக்கலாம் என்றால் லேசர் பிரிண்டர் அசையவில்லை. விடிகாலை பஸ் ஏறி ராமநாதபுரம் போய் அடித்திருக்கிறார். அன்றைக்கே அங்கேயே விண்டோஸும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கேள்வி இரண்டு. ஒன்று, பாமினிக்கும் பிரிண்டருக்கும் என்ன வழி? இரண்டு, இதை எப்படிச் சொன்னால் மக்கள் நிலைத்து நிற்பார்கள்? எனக்குக் கோபமில்லை, மனசு கேட்கவில்லை.

கட்டற்ற தோழர்

தோழர், சோர்ந்து போகாதீர்கள். வசதிக்குப் பழகியவர்களுக்கு விடுதலையின் அருமை உடனே தெரியாது. பேச்சைக் குறைக்காதீர்கள், இன்னும் அழுத்தமாகச் சொல்லுங்கள். கொள்கையை விட்டுவிட்டால் நாம் வெறும் மெக்கானிக்குகள்தான்.

ராமநாதபுரம் டிடிபி அக்கா

தம்பி, திங்கள்கிழமை காலையில மனுவோட வந்து நிக்கிறவங்களை நான் பல வருசமா பாக்குறேன். அவங்க முகத்துல இருக்கிற பதட்டம் உங்க நாலு பேருக்கும் தெரிஞ்சிருந்தா ஒன்றரை மணி நேரம் பேசியிருக்க மாட்டீங்க.

முதல்ல வேலையை முடிப்போம். பாமினி பழைய காலத்து ஃபாண்ட், ஆங்கில எழுத்து மேல தமிழ் உருவத்தைப் போட்டு வெச்சது. அதுக்கு ஃபாண்ட் கோப்பு இருந்தாப் போதும். ரெட்டைக் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தா லிப்ரெஆபீஸ்ல (வேர்டு மாதிரி கட்டற்ற மென்பொருள்) பழைய மனு அப்படியே தமிழ்ல திறக்கும். வரி ஒண்ணு ரெண்டு நகரலாம், சரிபண்ணிக்கலாம். புது மனுவை, தனி ஃபாண்ட் தேடாம எங்கயும் தமிழாவே தெரியிற யூனிகோடுல அடிக்கச் சொல்லுங்க, தமிழ்99 விசைப்பலகை உபுண்டுலயும் இருக்கு. ஆனா பத்து வருசம் பாமினியில ஓடின விரலை ஒரே நாள்ல மாத்தச் சொல்லாதீங்க. பழசு பழசாவே இருக்கட்டும்.

பிரிண்டரைப் பொறுத்தவரை, போடறதுக்கு முன்னாடியே மாடல் நம்பரை, லினக்ஸ்ல எந்தப் பிரிண்டர் ஓடும்னு சொல்ற ஓபன்பிரிண்டிங் தளத்துல தட்டிப் பாத்திருக்கணும். சில லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது அதை ஓட்டுற நிரல், சரியா வராது. விண்டோஸை அழிக்காம, பென்டிரைவ்ல இருந்தே லினக்ஸைத் திறந்து ஒரு பக்கம் எடுத்துப் பாத்திருக்கலாம். அஞ்சு நிமிச வேலை.

இன்னொண்ணு. நோட்டீஸ்ல "முற்றிலும் இலவசம்"னு போட்டிருந்தீங்களா?

பாம்பன் தன்னார்வலர்

ஆமாக்கா. தலைப்பே அதுதான்.

ராமநாதபுரம் டிடிபி அக்கா

அங்கதான் சறுக்கல். இங்க முன்னூறு, நானூறு கொடுத்தா யார் வேணும்னாலும் விண்டோஸ் போட்டுத் தர்றாங்க. திருட்டுப் பிரதிதான், ஆனா அவங்க கணக்குல அதுவும் கிட்டத்தட்ட இலவசம். விலையைச் சொல்லி நீங்க ஜெயிக்கவே முடியாது. இங்கிலீஷ்ல ‘ஃப்ரீ’ங்கிற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிக்கும், அதனால அவங்க காலம்பூரா விளக்கம் சொல்லிட்டிருக்காங்க. நமக்கு ரெண்டும் தனித்தனிச் சொல். அப்படி இருந்தும் நாமளே போய் அவங்க குழப்பத்தை வாங்கிட்டு வந்தா எப்படி? இந்த ஊர்ல இலவசம்னா கலர் டிவி, மிக்ஸி, லேப்டாப். வாங்கி ஓரமா வெச்சிடுவாங்க.

கீழக்கரை கணக்கர்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. என் தரப்பையும் சொல்றேன் தம்பி. எனக்கு ஜிஎஸ்டி கணக்கெல்லாம் டேலியில. அது விண்டோஸுக்குன்னு எழுதினது. உங்களை மாதிரி ஒரு பையன் என் கடைக்கு வந்து "காக்கா (எங்க ஊர்ல அண்ணன்), நீங்க அடிமையா இருக்கீங்க"ன்னான். நான் இருபது வருசமா சொந்தக் கால்ல நிக்கிறவன். அந்த வார்த்தைக்கு அப்புறம் அவன் சொன்ன எதுவும் காதுல ஏறல.

வேற ஒரு பிள்ளை வந்துச்சு. விண்டோஸ்லயே ஃபயர்பாக்ஸ், விஎல்சி, லிப்ரெஆபீஸ் போட்டுக் கொடுத்துட்டு, "இதுவும் அதே கட்டற்ற மென்பொருள்தான் காக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு. ரெண்டு வருசமா ஓடுது. வீட்டுப் பழைய லேப்டாப் விண்டோஸ் 11 ஏத்துக்காதுன்னு ஆனதும் நானா அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். இப்ப அதுல லினக்ஸ்தான்.

கட்டற்ற தோழர்

காக்கா, பூட்டிய இயங்குதளத்தின் மேல் இவற்றைப் போடுவது பாதி வழிதானே? பாதியிலேயே நின்றுவிட மாட்டார்களா என்பதுதான் என் கவலை.

கீழக்கரை கணக்கர்

நிக்கலாம் தோழர். ஆனா பாம்பன்ல ஒன்பது பேர் முழு வழியும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாங்களே. இனி அடுத்தவன் கூப்பிட்டா வருவாங்களா?

மண்டபம் வள்ளக்காரர் மகள்

தம்பி, உங்க நாலு சுதந்திரத்தையும் எங்கப்பாகிட்ட நான் சொல்லியிருக்கேன், வேற மாதிரி. கடையில வாங்குற வலையை யாரும் அப்படியே கடல்ல விடுறதில்ல. கயிறு கோத்து, மிதவை எத்தனை, ஈயக்குண்டு எத்தனைன்னு அவங்கவங்க இடத்துக்கும் நீரோட்டத்துக்கும் தக்கன கட்டணும். பக்கத்து வள்ளத்துல நண்டு நல்லா விழுதுன்னா அவங்க எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாத்து நாமளும் மாத்துறோம். நாம மாத்தினதை மச்சான்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வலைக் கம்பெனி வந்து "நீ முடிச்சை அவுக்கக் கூடாது"ன்னா? அப்பா உடனே கேட்டார், "கம்ப்யூட்டர்ல அப்படியா பண்றாங்க?"

ஸ்டால்மனுக்கே ஆரம்பம் ஒரு பிரிண்டர்தானே. எம்ஐடி ஆய்வகத்துல காகிதம் சிக்கிக்கிட்டே இருந்த லேசர் பிரிண்டரோட மென்பொருளைத் தானே மாத்த நினைச்சார், அதை எழுதின மூலநிரலைத் தர மாட்டேன்னுட்டாங்க. அவர் தத்துவத்துல இருந்து கிளம்பல, வேலை கெட்ட எரிச்சல்ல இருந்து கிளம்பினவர். நீங்க அவரோட முடிவைக் கொண்டுபோய் முதல்ல வெச்சுட்டீங்க. சங்கத்துல அதே எரிச்சல் ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தப்ப நீங்க யாரும் பக்கத்துல இல்ல. எனக்கு உங்க மேல இருக்கிற வருத்தம் அது ஒண்ணுதான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைக் காட்டிப் பாருங்க. நம்ம ஊர்ப் பேரை நாமளே திருத்தலாம்னு.

பாம்பன் தன்னார்வலர் (பத்து நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு தனியாகப் போனேன். பேசவில்லை, உட்கார்ந்து கேட்டேன். பிரிண்டர் மாடலைப் பார்த்தேன், டிரைவர் சிக்கல் உள்ளதுதான். அதனால் சங்கத்துக் கணினியில் விண்டோஸ் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு லிப்ரெஆபீஸ் மட்டும் போட்டேன். பழைய மனுக்கள் திறக்கின்றன. முகாமில் போட்ட ‘அடிமைத்தனம்’ என்ற அந்த வார்த்தைக்குச் செயலாளர் அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டேன். "அதெல்லாம் அன்னிக்கே மறந்தாச்சு, டீ குடி" என்றார்.

பிறகு வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அவர்கள் படகு கட்டும் இடத்துக்குப் பெயரே இல்லை. "நாமளே போடலாமா?" என்று கேட்டு, ஒரு விரலால் தேடித் தேடித் தமிழில் அடித்தார். சேமித்ததும் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். கடலுக்குள் இருக்கும் பார்களின், அதாவது பாறைத் திட்டுகளின், பெயரையும் போடலாமே என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அது வேண்டாம்ப்பா. எங்க மீன் கிடக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அக்கா, பாமினி ஃபாண்ட் சுத்தமான பிரதி உங்களிடம் இருக்கிறதா? மற்ற எட்டு வீட்டுக்கும் வரும் ஞாயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போகிறேன்.

ராமநாதபுரம் டிடிபி அக்கா

கடைக்கு வா தம்பி, பென்டிரைவ்ல தர்றேன். எட்டு வீட்டு பிரிண்டர் மாடலையும் எழுதி எடுத்துட்டு வா.