லேத் இல்லாமல் ஒரு கைப்பிடி மூடி

திரையில் பார்த்த ஒரு கைப்பிடியை உலோகத்தில் செய்து அலமாரியில் வைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. குழாய்ப் பகுதி சுலபமாக முடிந்தது. அடியில் வரும் மூடிதான் ஆட்டி வைத்தது: 30 மி.மீ. விட்டம், சுற்றிலும் மூன்று பள்ளம். என்னிடம் இருப்பது பெஞ்ச் டிரில், வைஸ், அரம், ஹாக்ஸா. உலோகத்தைச் சுற்றவிட்டுச் செதுக்கும் லேத் கிடையாது.

32 மி.மீ. அலுமினியத் தண்டில் ஒரு துண்டு அறுத்தேன். நடுவில் 8 மி.மீ. துளை போட்டு எம்8 போல்ட்டைச் செருகி, நட்டு போட்டு இறுக்கி, போல்ட்டின் வாலை டிரில் சக்கில், அதாவது பிட்டைக் கவ்வும் வாயில், பிடித்தேன். சுற்றவிட்டு அரத்தைக் காட்டினால் சுற்று வட்டமாக வந்துவிடும் என்பது கணக்கு. துளை 1.5 மி.மீ. ஓரம் தள்ளிப் போயிருந்ததைக் கவனிக்கவில்லை. துண்டு சுற்றுவது துளையை மையமாக வைத்துத்தானே? தள்ளியதைப் போல இரண்டு மடங்கு விட்டத்தில் போய்விடும். 32-இல் 3 போக 29. ஒரு மில்லிமீட்டர் யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். குழாயில் வைத்ததும் படி போலத் தெரிந்தது. அது இப்போது பேப்பர் வெயிட்.

இரண்டாவது துண்டில் மையம் பார்த்து, பிட் வழுக்காமல் இருக்கச் சென்டர் பஞ்சால் குழி அடித்து, முதலில் 3 மி.மீ., பிறகு 8. அரத்தில் அலுமினியம் அப்பிக்கொள்ளாமல் இருக்கச் சாக்கட்டி தேய்த்துக்கொண்டேன். வட்டம் அழகாக வந்தது. பள்ளம் எடுக்க ஹாக்ஸா பிளேடை அழுத்தினேன் பாருங்கள், சக் கழன்று, துண்டோடு மேசையில் ஆட்டம் போட்டுத் தரையில் விழுந்தது! நான் பக்கவாட்டில் நின்றதால் கால் தப்பியது. என் மெஷினில் சக் நிற்பது வெறும் கூம்புப் பிடிப்பில். கீழ்நோக்கித் துளைக்கும்போது அது இறுகும், பக்கத்திலிருந்து தள்ளினால் விட்டுவிடும்.

மூன்றாவது முறை போல்ட்டுக்குப் பதில் நீளமான மரைக்கம்பி, மேலும் கீழும் நட்டு. கம்பியின் கீழ்முனை, மேசையில் இறுக்கிய மரக்கட்டையின் துளைக்குள் கிரீஸோடு சுற்றியது. துண்டு அசையவே இல்லை. பள்ளங்களுக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போனது.

—

உங்கள் சக் கதையைப் படித்ததும் என் டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) நினைவுக்கு வந்தது, நண்பரே. பித்தளைப் பட்டன் ஒன்றுக்கு எம்3 மரை போட 2.5 மி.மீ. துளை எடுத்தேன். அளவு சரிதான், பொறுமைதான் இல்லை. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பாமல் ஒரே போக்கில் திருகியதில் டேப் உள்ளேயே முறிந்தது. அதற்குள் இரண்டு வார வேலை அந்தப் பட்டனில் இருந்தது.

காப்பாற்றியது படிகாரம். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, பட்டனைப் போட்டு, சூடு ஆறாமல் வைத்திருந்தேன். படிகாரக் கரைசல் எஃகைத் தின்னும், பித்தளையைப் பெரிதாகத் தொடாது. மறுநாள் டேப் கறுத்துப் பொடிந்து, ஊசியால் நோண்டியதும் வந்துவிட்டது. முழுக்கப் பித்தளையாக இருந்தால்தான் இது. இரும்புத் திருகு ஏதாவது ஒட்டியிருந்தால் அதுவும் போய்விடும்.

—

பித்தளைத் தகடு என்றால் என் பங்குக்கு இன்னொன்று. துளை மறுபக்கம் வெளிவரும் நொடியில் பிட் தகட்டைக் கவ்வித் தூக்கிச் சுழற்றும். கையால் பிடித்திருந்த எனக்குக் கட்டைவிரலில் நாலு தையல். இப்போது இரண்டு மரப்பலகைக்கு நடுவே வைத்து இறுக்கித்தான் துளைக்கிறேன். பிட்டின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கியும் வைத்திருக்கிறேன், பித்தளைக்கென்றே தனியாக.

முதல் நண்பருக்கு: அந்த 29 மி.மீ. துண்டைத் தூக்கிப்போடாதீர்கள். சின்னக் கைப்பிடி ஏதாவது வரும்.